இருபத்தேழாயிரமாவது கதவு

க்ளைப்பேடா துறைமுகம். ஜனவரி.
காலை ஏழரை, இன்னும் விடியவில்லை.
திரையில் பாதிக் கப்பல்.
மூக்கை வரைந்துவிட்டேன், வயிறு பாக்கி.
அதற்குள் மென்பொருள் கையை விரித்தது:
உரிமம் இல்லை.

உரிமம் தரும் சர்வர் கவுனாஸில்,
இருநூறு கிலோமீட்டர் தள்ளி
ஒரு பேக்கரிக்கு அடியில் நிலவறையில் இருக்கிறது.
கறுப்புத் திரையைத் திறந்து பிங் அடித்தேன்.
நான்கு தடவை கேட்டேன், நான்குக்கும் பதில்.
ஒன்பது மில்லிவினாடி.
ஒரு தும்மலுக்குள் எத்தனை முறை போய்வரலாம்!

ஆள் வீட்டில்தான் இருக்கிறார்.
சரி, டெல்நெட்டில்
இருபத்தேழாயிரமாவது கதவைத் தட்டினேன்.
எழுத்தெல்லாம் மறைந்து வெற்றுத் திரை வந்தது.
திறந்துவிட்டது என்பதற்கு
அதுதான் அடையாளம். தெரியாதவர்கள்
கெட்டுப்போச்சு என்று மூடிவிடுவார்கள்.

மென்பொருள் மறுபடி சொன்னது: உரிமம் இல்லை.

வைடோதாஸை எழுப்பினேன்.
வாயில் ரொட்டியோடு பேசினான்:
"ராத்திரி சர்வரை நிறுத்திப் போட்டேன்.
வாசலில் நிற்பவன் அதே இடம்தான்.
உள்ளே சீட்டுக் கிழிப்பவன் இருக்கிறானே,
ஒவ்வொரு தடவையும்
புது ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்வான்.
இன்றைக்கு ஐம்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு."

அந்த எண்ணையும் தட்டினேன்.
கர்சர் சிமிட்டிக்கொண்டே நின்றது.
முடியாது என்று சொல்லியிருந்தால்கூட
யாரோ கேட்டார்கள் என்று ஆகியிருக்கும்.
இது வழியிலேயே விழுங்கப்பட்ட குரல்.
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே;
எங்கள் பூசாரி, ஃபயர்வால்.

"அவனை ஒரே ஜன்னலில் கட்டிப்போடு" என்றேன்.
கட்டினான். இருபத்தேழாயிரத்து ஒன்று.
ஃபயர்வாலிலும் அதற்கு வழி விட்டான்.
தட்டினேன். வெற்றுத் திரை!
நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன்.

மென்பொருள் இப்போது வேறு வாக்கியம் சொன்னது:
இருக்கைகள் நிரம்பிவிட்டன.

நிறுவனம் வாங்கியதே ஒரு இருக்கை.
"யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்."
விசைகள் தட்டும் சத்தம். பிறகு சிரிப்பு.
"ஸ்கிர்மாந்தே என்று ஒருத்தி.
கணினியின் பெயர், வீடு."

நேற்று சாப்பாட்டு மேசையில்
மூடாமல் வந்த மடிக்கணினி.
இரவு முழுக்க, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை,
அது தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
கதவு திறந்த கணத்தில்
எனக்கு முன்னால் நுழைந்துவிட்டது.
நான் ஒரு மணி நேரத்துக்கே
மூன்று முறை கெட்ட வார்த்தை சொன்னேன்.

மகளைக் கூப்பிட்டேன்.
"மிங்கைலே, பள்ளிக்குப் போகுமுன்
அந்தக் கணினியை அணைத்துவிடு.
விசைப்பலகையில் பூனை உட்கார்ந்திருக்கும்,
இறக்கிவிடு."

"எந்தப் பூனையை?" என்றாள்.
"ரெண்டும் உட்கார்ந்திருக்கு."