கத்தரிக்கோல் என்றால்

அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனி மாடி.
எனக்கு ஒரு திரை, ஒரு மவுஸ்,
கீழே கட்டிங் செக்‌ஷன் கேமராவின் படங்கள்.
ஆளைச் சுற்றி ஒரு கட்டம்.
பொருளைச் சுற்றி ஒரு கட்டம்.
நடுவே ஒரு வினைச்சொல்.
இதற்குத்தான் சம்பளம்.

மாடலுக்குத் தெரிந்த வினைகள் நூற்றுப் பதினேழு.
கத்தரிக்கோலைக் கண்டால் போதும், வெட்டுதல் என்கிறது,
தொண்ணூற்றேழு சதவீதம் நிச்சயமாக.
சென்னியப்பன் அதன் பிடியால் முதுகைச் சொறிகிறார்:
வெட்டுதல்.
பெயின்ட் டப்பா மூடியை நெம்புகிறார்: வெட்டுதல்.
கரண்ட் போன மத்தியானம்
பேட்டர்ன் அட்டை பறக்காமல் அதை மேலே வைத்துவிட்டு
மேஜையிலேயே தூங்கிப்போனார்.
அப்போதும் வெட்டுதல்.
காட்டினேன். "அப்ப தூக்கத்துக்கும் பீஸ் ரேட்டு போடச் சொல்லுங்க" என்றார்.

எங்கேயோ பனி பெய்கிற ஊர்ப் படங்களில் படித்தது அது.
சைக்கிள் என்றால் அதற்கு ஓட்டுதல்.
இங்கே கேரியரில் நாலு மூட்டை வேஸ்ட் துணி,
தள்ளிக்கொண்டு நடக்கத்தான் சைக்கிள்.
குடை என்றால் மழைக்காம்.
நொய்யல் பாலத்தில் குடையைக் கவிழ்த்துப்போட்டு
கர்சீப் விற்கிறவரிடம் போய்ச் சொல்லட்டும்.

இன்னும் லட்சம் படம் வேண்டும் என்றது பெங்களூர் ஆபீஸ்.
நான் கத்தரிக்கோல் மேல் கறுப்புக் கட்டம் ஒட்டினேன்.
இப்பச் சொல்லு,
முழங்கை மடங்கியிருக்கு, மணிக்கட்டு பின்னால போகுது,
இந்தக் கை என்ன பண்ணுது?

தொண்ணூற்றேழு, நாற்பத்தொன்றாய் விழுந்தது.
அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு வாரம்
கையைத் தனியாகவும் பொருளைத் தனியாகவும் படிக்கவைத்தோம்.
நேற்று ஒரு பையன் ஹேங்கரால் முதுகைச் சொறிந்தான்.
அப்படி ஒரு படத்தை அது பார்த்ததே இல்லை.
சொறிதல் என்றது.
ஐம்பத்தெட்டு சதவீதம்தான். இருக்கட்டும்.

பழைய படங்களை மறுபடி சரிபார்க்கையில்
மார்ச் பதினொன்று, மாலை ஐந்தே முக்கால்.
செக்கிங் மேஜையோரம் கோகிலவாணி, காதில் போன்.
நான் போட்டிருந்த வினை: பேசுதல்.
போனை மறைத்துவிட்டுப் பார்த்தேன்.
உதடு மூடியிருக்கிறது.
சூப்பர்வைசர் பக்கம் முதுகு.
துப்பட்டா நுனி
இன்னொரு கையில், கண்ணுக்குக் கீழே.

பட்டியலில் இதற்கு வினை இல்லை.
அவளும் இப்போது இங்கே இல்லை,
பெருமாநல்லூரில் வேறு கம்பெனி என்றார்கள்.

படிக்கட்டில் நின்று போனைக் காதில் வைத்திருக்கிறேன்.
ரிங் போகிறது.
தலைக்கு மேலே போன வாரம் மாட்டிய கேமரா.