இன்னொரு கைப்பிடி

பதினோரு வருஷம் இரட்டை எஞ்சினில் சொல்லிக்கொடுத்தவன்
இப்போது ஒற்றையில் சொல்லிக்கொடுக்கப்
பரீட்சைக்கு நிற்கிறேன்.
"கழித்தல் கணக்குதானே தீர்த்தகிரி சார்" என்று சிரித்தான் மாதேஷ்,
ஆயில் குச்சியைத் துணியில் துடைத்தபடி.
படிவத்தில் அதற்குப் பெயர் சேர்த்தல்.

கமலாபுரம். காலை ஆறே முக்கால்.
சேர்வராயன் தலையில் மேகம்,
துண்டைப் பிழியாமல் போட்டுக்கொண்ட மாதிரி.
ஓடுதளத்தின் ஓரம் ஒரு மயில் குறுக்கே போனது.
அது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கேப்டன் ஜெசிந்தா என்னைவிட எட்டு வயது இளையவர்.
இடப்பக்கம் ஏறி, பெல்ட்டைப் பூட்டி,
"இந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார்.
ஆறாயிரம் மணி நேரத்தை ஒருவர்
செருப்பைப் போலக் கழற்றி வைக்க முடியுமென்று
அன்றுதான் பார்த்தேன்.

வலப்பக்கம் என் இடம்.
இங்கிருந்து பார்த்தால் வேகமுள் கொஞ்சம் பொய் சொல்லும்.
கோணம்தான் காரணம். சாய்ந்து பார்க்கக் கூடாது,
சாய்ந்தால் மாணவன் பயப்படுவான்.

ஏறும்போது மூக்கு இடதுக்கு ஓடியது.
என் பழைய விமானத்தில் இரண்டு விசிறியும் எதிரெதிராய்ச் சுழலும்,
ஒன்றின் பிடிவாதத்தை இன்னொன்று தின்றுவிடும்.
இதற்குத் துணை யாருமில்லை.
"வலது கால்" என்றேன்.
"எவ்வளவு சார்?"
"சைக்கிள் கேரியரில் மூட்டை ஒருபக்கம் சரிந்தால்..."
நிறுத்திவிட்டேன். மோசமான உவமை.
"பந்து நடுவில் நிற்கும் வரை."

ஓமலூருக்கு மேற்கே மூவாயிரத்து ஐந்நூறு அடி.
கீழே மரவள்ளி, மல்லிகைப் பாத்தி, ரயில் பாதை,
தூரத்தில் மேட்டூரின் புகைபோக்கிகள்.
பால் பொங்குமுன் அடுப்பைத் தணிப்பதுபோல
அவர் குமிழைப் பின்னுக்கு இழுத்தார்.

கதவிடுக்கில் காற்று மட்டும் பேசியது.
"சார், எஞ்சின் போயிடுச்சு."

என் இடது கை தானாகப் போய்
பக்கத்திலிருந்த இன்னொரு கைப்பிடியைப் பிடித்தது.
அங்கே ஒன்றுமில்லை,
கறுப்புக் குமிழுக்கும் சிவப்புக் குமிழுக்கும் நடுவே
வெறும் இரண்டங்குலம்.
ஐந்து விரலும் மடங்கி, அதை
நன்றாகவே பிடித்திருந்தன.
எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம் வாய்வரை வந்தது:
பயப்படாதே, இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுபோகும்.

விழுங்கினேன்.
"அறுபத்தெட்டு நாட். மூக்கை அங்கே நிறுத்து.
காற்று எந்தப் பக்கம்? ஆலைப் புகையைப் பார்."
"அந்த வெள்ளை இடம் சார்? நீளமா, சமமா இருக்கே."
ஜவ்வரிசி உலர்களம்.
மேலிருந்து பார்த்தால் நமக்கென்றே விரித்தது போலத்தான் இருக்கும்.
"அங்கே ஆட்கள் இருப்பார்கள். வேறு பார்."
அறுத்து முடித்த சோளக்காடு ஒன்று,
கிழக்கு வரப்பில் மின்கம்பி. அதைத் தாண்டித்தான்.

"சார், உங்க கை ஏன் அங்கே போச்சு?"

ஒன்றும் தெரியாதவர் அதையும் பார்த்திருந்தார்.
கனமான குரலில் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.
"இரண்டாவதைத் தேடினேன்" என்றேன்.
"மூன்று விநாடி போயிற்று. அதன் விலை நாற்பது அடி.
நீ தேடாதே."

தட்டைக் கட்டுகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன.
ஒரு பெண் அண்ணாந்து,
கருக்கரிவாளை நெற்றிக்கு மேல் நிழலாய்ப் பிடித்திருந்தாள்.
இறங்குவோமா என்று அவளும் கணக்குப் போட்டிருப்பாள்.
"போதும்" என்றார் ஜெசிந்தா. குமிழ் உள்ளே போனது.
எஞ்சின், ஒன்றும் நடக்காததுபோல, வந்தது.

தரையில் அவருக்கு எல்லாம் மறுபடி தெரிந்துவிட்டது.
கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார்,
கேன்டீனில் பொங்கல் தீர்ந்திருக்குமா என்று கேட்டார்.
கையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பதிவேட்டில் அன்றைய வரியைப் பேனாவில் நிரப்பினேன்.
ஓரத்தில், பென்சிலால், சின்னதாக:
நாற்பது அடி.