மூன்றாவது பத்தி

மூன்றாவது பத்தி விழுந்துவிட்டதாம்.
ஐஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது
முத்தியால்பேட்டை மாடியில் கரண்ட் இல்லை,
மூன்று லேப்டாப் வெளிச்சத்தில் மூன்று முகம்.

எந்தப் படகு, எத்தனை பார், எவ்வளவு பாக்கி.
இவ்வளவுதான் அந்தப் பக்கம்.
நூறை மூன்றாகப் பிரித்திருந்தாள் செலஸ்தீன்.
மிஞ்சுகிற துணுக்கைப் புதிய பிரவுசர்கள்
கண்டும் காணாமல் விட்டுவிட்டன.
கடலூர் முதுநகரின் பழையது
கறாரான ஆசாமி,
பத்திக்குப் பத்தி அரையை முழுசாக்கி எண்ணியது.
ஒரு பிக்சல் இடம் போதவில்லை.
பாக்கி கீழே இறங்கி
அடுத்த படகுக்கு நேராக உட்கார்ந்துகொண்டது.
கடல்ராணி எடுத்த ஐசுக்கு
சந்தனமாரியிடம் கடன் கேட்டிருக்கிறார்கள்.
நல்லவேளை, துறைமுகத்தில்
சட்டை மட்டும்தான் கிழிந்தது.

"டேபிள்ல போட்டுத் தொலை" என்றான் குப்புராசு.
"டேபிளா? என்ன வருஷம் இது?"
"ஓடினாத்தான் அதுக்குப் பேர் வண்டி."
"ஆளுக்கொரு ஒட்டுப் போட்டுத்தான்டா
ஒரே பக்கத்தை அஞ்சு தடவை எழுதினாங்க.
தரம்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கு."
"கணக்குப்பிள்ளை அதைப் படிச்சிருக்காரா?"
"ஈர்ப்பு விசையும்தான் படிச்சிருக்க மாட்டார்."

இரண்டு நாள் இதுதான்.
சோதிப்பது என் வேலை.
யார் ஜெயித்தாலும்
ஒவ்வொரு திரையிலும் திறந்து பார்க்க வேண்டியவள்.

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.
ஃப்ளோட், கிரிட், மார்ஜின் என்று
அரியாங்குப்பம் வரை பஸ் அதிரக் கத்தினார்கள்.
தவளக்குப்பத்தில் கூடையோடு ஏறியவள்
என் பக்கம் சாய்ந்து கேட்டாள்:
"யார் வீட்டுப் பாகப்பிரிவினை?"
மூணா பிரிக்கணும், ஒரு துளி இடிக்குது என்றேன்.
"கடைசிப் பங்குதான் எப்பவும் தெருவுக்குப் போவும்."

ஆல்பேட்டையில் நிறுத்திப் பைகளைக் குடைந்தார்கள்.
முள்ளோடையில் பில்லோடு வாங்கிய குப்பி
கால்மணி நேரத்தில் வழக்காகியிருந்தது.
அதே குப்பி. அதே மூடி. அதே லேபிள்.
படிக்கிற கண்தான் வேறு.
குப்புராசு முழங்கையால் இடித்தான்:
"பாத்துக்கோ, உன் தரம்."

செலஸ்தீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
மஞ்சக்குப்பம் மைதானம் தாண்டும்போது
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:
"அது கணக்கு. வரிசை, பத்தி, தலைப்பு.
கணக்குக்குத்தான் டேபிள்.
தரமே அப்படித்தான் சொல்லுது."
பக்கத்தை அடுக்க டேபிள் கூடாது என்ற சத்தியத்தில்
நிஜமான டேபிளையும் விரட்டியிருக்கிறாள்.
தோற்றது யாரென்று
இருவருக்குமே பிடிபடவில்லை.
முதுநகரில் இறங்கியதும்
குப்புராசு டீ வாங்கித் தந்தான்.

கம்பெனிக்குள் தரையெல்லாம் உமியும் தண்ணீரும்.
ஈரத்துக்குப் பயந்து
கம்ப்யூட்டருக்குத் துண்டு போர்த்தியிருந்தார் நாகூர்கனி.
விலக்கினார்.
திரைக் கண்ணாடி மேலேயே
கறுப்பு மார்க்கரில் ஓர் அம்பு,
கீழிருந்து மேலே, பாக்கியிலிருந்து படகுக்கு.
சட்டை கிழிந்த அன்றே வரைந்தாராம்.
அதற்கப்புறம் ஒரு தப்பும் இல்லையாம்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள் செலஸ்தீன்.
பாக்கி எழுந்து
தன் படகுக்கு நேரே நின்றது.
என் பையிலிருந்த மூன்று போனிலும் நின்றது.
அம்பு இப்போது
வெறும் வெள்ளையிலிருந்து வெறும் வெள்ளைக்குப் போனது.

நாகூர்கனி வெகுநேரம் பார்த்தார்.
துடைச்சிடலாம் பாய், என்றேன்.
துண்டை எடுத்தவர்
கண்ணாடி வரை கொண்டுபோய் நிறுத்தினார்.
"இருக்கட்டும்மா.
நாளைக்கு வேற எதையாச்சும் சரிபண்ணுவீங்க."