நூல் பிடித்தவன்

பரங்கிப்பேட்டையில் கப்பலேறும்போது
என்னிடம் இருந்தது ஒரே சட்டை.
பாக்குத்தீவில் இறங்கும்போதும் அதே சட்டை,
கூடவே காய்ச்சல்.

காட்டுக்குள் பீரங்கியால் வெள்ளிக்காசு சுட்டார்களாம்,
காசைத் தேடியாவது ஆட்கள் மரம் வெட்டட்டும் என்று.
எல்லோரும் சொல்கிறார்கள்.
நான் வெட்டிய பக்கம் விழுந்ததெல்லாம்
அட்டையும் மழையும்.
பா சாலேயின் பாராங் மட்டும் ஒருமுறை
ணங்கென்றது.
ஓடிப்போய்ப் பார்த்தோம்.
கல்.

நீபோங் மரங்களை வரிசையாக நட்டு
நடுவே கொடியேற்றிக் கோட்டை என்றார்கள்.
இரவில் அதன் இடுக்கு வழியே நண்டுகள் போய்வந்தன.
சிப்பாய்கள் காவல் நின்றது
பிரெஞ்சுக் கப்பலுக்காகவா, கெடாப் படகுகளுக்காகவா,
அவர்களுக்கே தெரியாது.
வீடு ஒன்பது இருந்தபோது
புதைகுழி பதினான்கு.
இந்த ஊரில் முதலில் நிலைத்தவர்கள் அவர்கள்தான்.

அளவுக்காரத் துரைக்கு எல்லாம் நேராக வேண்டும்.
கயிற்றின் ஒரு முனை கடலோரத்தில்,
மறு முனை என் கையில்.
முளையடி, நட, முளையடி.
நூல் பிடித்தாற்போல் என்று சொல்வோமே,
அந்த நூலைப் பிடித்தவன் நான்.
குறுக்கே வந்த குடிசைகள் நகர்ந்தன.
சாராயக்கார ஆ கீ
விசுப்பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு
சிரித்தபடியே நகர்ந்தான்.
கறையான் புற்று நகரவில்லை. கொளுத்தினோம்.

ஐந்தாம் நாள் நூல் போய்த் தட்டிய இடம்
அம்மாக்கண்ணுவின் துவைகல்.

கடலூர்க்காரி.
புருஷன் பட்டாளத்தோடு வந்து
முதல் மழைக்கே பதினான்கில் ஒருவனானான்.
உப்புக் கரிக்காத ஊற்று அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.
மண்ணைத் தோண்டித் தோண்டி
நாக்கில் வைத்து அவள் கண்டெடுத்தது.
கொடியில் நாற்பது சிவப்புக் கோட்டுகள்
கையைத் தொங்கப்போட்டுக் காய்ந்தன,
சம்பளம் வராத படை மாதிரி.

துரை கையை நீட்டிக் காட்டினார், நேராக.
துபாஷி அதைத் தமிழாக்கினான்:
"கல்லைத் தூக்கு."
அவள் ஒரு கோட்டைப் பிழிந்து முடித்தாள்.
"கல்லு கெடக்கட்டும்.
இந்தத் தண்ணிய எடுத்து
எங்க வெக்கறதுன்னு துரையக் கேளு."
துபாஷி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.
பொழுதாகிவிட்டது, காலையில் தூக்கலாம் என்று
எல்லோரும் திரும்பினோம்.

அன்றிரவு நிலா இல்லை.
கடைசி ஏழு முளைகளையும் பிடுங்கி
தள்ளித் தள்ளி அடித்தேன்.
முதலாவது ஒரு விரற்கடை,
அடுத்தது ஒரு சாண்,
ஏழாவது மூன்று முழம்.
சுத்தியலில் சுற்றத் துணியில்லை,
வாழைமட்டையைச் சுற்றிக்கொண்டேன்.
அவள் விழித்திருந்தாளோ என்னவோ.
குடிசைக்குள் ஒருமுறை இருமல் கேட்டது.

ஏன் செய்தாய் என்று கேட்டால்
பெரிதாக ஒன்றுமில்லை.
அன்று என் சட்டையும் அந்தக் கொடியில் இருந்தது.

விடிந்ததும் துரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
திறந்திருந்த கண்ணில் அவருக்கும் காய்ச்சல்.
நேர்தான் என்று தலையாட்டினார்.
துவைகல்லுக்கு இரண்டு முழம் தள்ளி
தெரு போனது.

இப்போது அங்கே செங்கல் வீடுகள்.
ஊரை உண்டாக்கியவர்கள் என்று
கோட்டைக்குள் ஏதோ பட்டியல் எழுதுகிறார்களாம்.
"உதுமான் கண்டு, உன் பெயரையும் சேர்க்கவா?
ரெண்டு வெள்ளி ஆகும்" என்றான் துபாஷி.
ரெண்டு வெள்ளி இருந்தால்
இன்னொரு சட்டை தைத்திருப்பேன்.

அவர்களுடைய படத்தில் தெரு நேராகத்தான் கிடக்கிறது.
துறைமுகத்திலிருந்து பாரம் ஏற்றிவரும் மாடுகள் மட்டும்
ஊற்றுப் பக்கம் வந்ததும் தாமாக ஒதுங்கி வளைகின்றன,
வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருந்தாலும்.