மடியில் அல்ல, தரையில்

மடியில் வைத்துக்கொள்ளேன் என்றேன்.
மடி சரிவு, என்றாள் ஆஸ்லா.
தொடையும் மூச்சுவிடும், தெரியுமா.
காரின் பின்பக்கத் தரைதான் சமம்.
நேற்றிரவே ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறாள்,
என் கருவிப்பெட்டியைக் கேட்காமல் திறந்து.

இருபத்துநான்கு கப்கேக்.
வெந்த தட்டின் குழிகளிலேயே மறுபடி உட்காரவைத்து,
அதன்மேல் ஆழமான டப்பாவைக் கவிழ்த்து,
அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு,
நாலு பக்கமும் முட்டுக்கொடுத்த குளியல் துண்டுகள்.
வெண்ணெய்ப் பூச்சு இரவெல்லாம் குளிரில் இறுகியிருந்தது.
அதனால் ஹீட்டர் போடக்கூடாது.
மார்ச் மாதம். யெல் தீவு.
எங்கள் பேச்சு புகையாக வந்தது.

மீன் லாரி ஓட்டுகிறவன் நான்.
பதினேழு டன் சால்மனை ஐஸோடு ஏற்றி
இந்தச் சாலையில் பாதித் தூக்கத்தில் போயிருக்கிறேன்.
ஒருமுறை பியானோ.
ஒருமுறை உயிருள்ள கிடா, பக்கத்து இருக்கையில்,
அதற்கும் பெல்ட் போட்டு.
வளைவு வந்தால் மூச்சைப் பிடி என்று
எந்தச் சரக்குக்காரனும் என்னிடம் சொன்னதில்லை.

உல்ஸ்டா துறையில் லௌரி கைகாட்டினான்,
முன்னால் வா, இன்னும் முன்னால்.
ஆஸ்லா கண்ணாடியை இறக்கினாள்.
"நடுவில் இடம் கொடு லௌரி, ஓரத்தில் ஆட்டம் அதிகம்."
அவன் குனிந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.
பிறகு ஒரு டிராக்டரைப் பின்னுக்குப் போகச் சொன்னான்.
யாருடைய டிராக்டர் என்று சொல்ல மாட்டேன்.
அந்த வீட்டில் இன்னும் எங்களோடு பேச்சில்லை.

இருபது நிமிடக் கடல். தென்மேற்குக் காற்று.
அலை விலாவில் இடிக்கும்போதெல்லாம்
அவள் கை பின்னால் போனது.
டப்பாவைத் தொடவில்லை.
காய்ச்சல் பார்க்கப் போன கை,
தூங்கும் பிள்ளையின் நெற்றிக்கு
விரற்கடை மேலே நின்றுவிடுமே,
அப்படி நின்றது.

அக்கரையில் ஒற்றைவழிச் சாலை.
"ஆடு."
பார்த்தேன்.
"பள்ளம்."
பார்த்தேன்.
"கம்பி."
கால்நடை தாண்டாதிருக்கச் சாலைக்குக் குறுக்கே பதித்தவை.
வண்டியை நிறுத்தியே விட்டேன்.
சக்கரம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கியது.
பின்னால் ஹாரன்.
செவிடன்போல் ஓட்டினேன்,
மணிக்குப் பதினெட்டு மைல்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
அவளிடம் சொல்லவில்லை.

போன வருஷம் பிப்ரவரி,
பேப்பா ஸ்டூருக்கு மேற்கே, மச்சானின் நண்டுப் படகில்
வின்ச் அறுந்து என்மேல் விழுந்தது.
எய்த் உயிர்காப்புப் படகு வந்தது.
அவர்கள் என்னை எடுத்ததும் இப்படித்தான்.
தட்டையாக. எதையும் மடக்காமல்.
கழுத்துக்கு இருபுறமும் சுருட்டிய துண்டு,
நெற்றிக்குக் குறுக்கே பட்டை.
ஒரு பையன், இருபது வயதிருக்குமா,
வழியெல்லாம் முழங்காலில் நின்று
என் கண்ணுக்குத் தெரியாத அலைகளை
முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான்:
இதோ ஒண்ணு வருது.
போயிடுச்சு.
இதோ இன்னொண்ணு.

எய்த் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேநீர்,
அந்தப் படகுக்கு நிதி.
ஆஸ்லா டப்பாவை நிமிர்த்தி எடுத்தாள்.
இருபத்துமூன்று, தலை கலையாமல்.
ஒன்று மட்டும், மூலையில் இருந்தது,
மூக்கு நசுங்கி, பாதிப் பூச்சு டப்பாச் சுவரில்.
என்னைப் பார்த்தாள்.
கம்பி, என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அலை, என்றேன்.

பையன் தேநீர்க் கெண்டியோடு எங்கள் மேசைக்கு வந்தான்.
பால் வேண்டுமா என்று கேட்டான்.
என்னைத் தெரியவில்லை.
நிற்கிற என்னை அவன் பார்த்ததே இல்லை.
வேண்டும், கொஞ்சம், என்றேன்.
நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்து
அவன் தட்டில் வைத்தேன்,
இரண்டு கையாலும்.

நசுங்கியது எனக்கு.
காகிதத்தை உரித்தேன்,
சுவரில் ஒட்டியதையும் விரலால் வழித்தேன்.
எலுமிச்சை.
அத்தனை தூரம் கூடவே வந்தும்
என்ன ருசி என்று நான் கேட்கவே இல்லை.