வரிசை எண் ஒன்று

இன்றிரவு எட்டு மணிக்குப் பட்டியல் மூடிவிடும்.
பதினோரு மருத்துவமனைகள். கீழே ஒன்பதில் வழக்கில்லை.
மேலே இரண்டு மட்டும்
நாற்காலி விளையாட்டுப் பிள்ளைகளாய்
உட்காருவதும் எழுவதுமாக இருக்கின்றன.
அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் பல்கலைக்கழகம்.
இன்னொரு தட்டில் க்ரேவன்.

க்ரேவன் வடக்கு டகோட்டாவில் இருக்கிறது.
சர்க்கரைக் கிழங்கு ஆலைப் புகை சாயும் பக்கமெல்லாம்
ஊர் நாறும்.
எண்பத்தாறு படுக்கை.
மூன்றாம் நாளே உணவகத்துக்காரர்
"சன்னிவா, உனக்கு முட்டை வேண்டாம்தானே" என்றார்.
இரவில் பயிற்சி மருத்துவர் ஒருத்திதான், பெர்னீஸ்.
நெஞ்சில் குழாய் இறக்கவும் அவள்,
தலை தெரியும் பிள்ளையை ஏந்தவும் அவள்.
"பயமில்லையா?"
"இருக்கிறது" என்றாள்,
ஆறிய பீட்சாவை மடித்து வாயில் திணித்தபடி.

அக்டோபர் கடைசி வியாழன், விடிகாலை மூன்று மணி.
கிழங்கு லாரி ஓட்டும் ஆர்வில் ஸ்டெங்கல்,
காலெல்லாம் ஊதாப் புள்ளி, கண்ணில் மஞ்சள்,
எந்த வருடம் என்று கேட்டால் ஒரு வருடம் முந்திச் சொல்கிறார்.
பெர்னீஸ் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து
தானே நுண்ணோக்கியில் குனிந்தாள்.
"வந்து பார்."
சிவப்பணுக்கள், யாரோ கடித்துப் போட்ட பிஸ்கட்டுகள்.
பிளாஸ்மா மாற்றும் இயந்திரம் அங்கே கிடையாது.
பனி விலகக் காத்திருந்து
ஐந்தரைக்கு ஹெலிகாப்டரில் ஏற்றினோம்.
இறக்கைச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தினார்:
"லாரியில் பெப்பர் இருக்கிறது!"
செவிலி லவோன் சாவியை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நான் பல்கலைக்கழகத்தில்.
ஆயிரத்துச் சொச்சம் படுக்கை, ஏழு மின்தூக்கி,
என் அட்டையில் பெயருக்குப் பதில் 'மாணவர் 4'.
பேராசிரியர், அவருக்குப் பின்னால் சிறப்புப் பயிற்சியாளர்,
அவருக்குப் பின்னால் மூத்தவர், இளையவர்,
பந்தியில் நான் கடைசி இலை;
என்னிடம் வரும்போது வாளியில் ஊசி மிஞ்சாது.
ஆனால் அந்தப் பேராசிரியர் பேசினாரே,
ஒரு நொதி குறைந்ததற்கு இத்தனை அழிவா என்று
நின்றபடி நாற்பது நிமிடம்.
கால் வலித்ததே தெரியவில்லை எனக்கு.
க்ரேவன் நான்கு நாள் காத்திருக்கும் பரிசோதனை முடிவு
இங்கே மாலைக்குள் வந்துவிடுகிறது.

பதினாலாம் படுக்கையில் ஆர்வில் ஸ்டெங்கல்.
புள்ளிகள் மங்கியிருந்தன.
இளையவர் குறிப்பை வாசித்தார்:
"குழப்பம் நீடிக்கிறது.
'பெப்பர்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.
மூளை ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறோம்."

"அது அவர் நாய்" என்றேன்.

பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள் திரும்பின.
"லவோன் வீட்டில் இருக்கிறது, சார்.
சோபாவில்தான் தூங்குகிறதாம்."
அவர் அழுதார். ஸ்கேன் ரத்தானது.
பேராசிரியர் என் பெயர் கேட்டார்.

அன்றிரவு பெர்னீஸை அழைத்தேன்.
"உயிரோடிருக்கிறாரா?" என்றாள் எடுத்த எடுப்பில்.
"அனுப்பிவிடுவோம். அதோடு சரி.
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை."
நொதி எத்தனை சதவீதம் என்று கேட்டாள்.
சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஏழு நாற்பது.
எனக்கு ரத்தவியல் வேண்டும். அதற்கு அந்தக் கட்டிடம் வேண்டும்.
என் கைகளுக்கோ க்ரேவன் வேண்டும்.
கோல்பிக்கு எங்கே வேலை கிடைக்கும் என்பது தனிக் கணக்கு;
க்ரேவனில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையை
அங்கே காரை நிறுத்தவே கேட்கிறார்கள் என்பது இன்னொன்று.
எந்தக் கணக்கும் மற்றொன்றைக் கழிக்கவில்லை.

ஏழு ஐம்பத்திரண்டு.
"உறுதியா?" என்கிறது திரை.
ஏன் என்று கேட்பதில்லை, அந்த மட்டும் நல்லது.

"எதைப் போட்டாய்?" சமையலறையிலிருந்து கோல்பி.
"பல்கலைக்கழகம்."
குழாய்த் தண்ணீரில் அவனுக்குக் கேட்கவில்லை.
"என்ன?"
இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கிறது,
க்ரேவனுக்கே கேட்டுவிடும்போல
அவ்வளவு சத்தமாக.