துணைப்பேய்க்கான கட்டம்

கம்மனஹள்ளியில் சனிக்கிழமை மழை.
ஐந்தாம் மாடியில் மின்சாரம் போய்
தேஜஸ் மெழுகுவர்த்தி தேடுகிறான்.
வேண்டாம், ஆட்டத்துக்கு இதுதான் தோது என்கிறாள் ரூபினா.
ஆளுக்கொரு தாள், பென்சில்.
நடுவில் சிப்ஸ் கிண்ணம். அதற்குள் தவறி விழுந்து
உப்புப் பூசிய ஒரு இருபது முகப் பகடை.

கதை நடத்துவது சோமசேகர். பகலில்
காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு மறுப்பவர்.
"உங்கள் ஒவ்வொருவரோடும் ஒரு பேய் வரும்.
பயமுறுத்த அல்ல. கூட இருக்க."

என் ஆளை ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டேன்.
கனகாம்பரி, முப்பத்தொன்பது, லிஃப்ட் மெக்கானிக்.
பலம் பன்னிரண்டு, தைரியம் ஏழு, பேச்சு சுமார்.
இடுப்பில் ஸ்பேனர். இடது காது மந்தம்.

பேயிடம்தான் பென்சில் நின்றது.

ரூபினாவுக்கு ஒரு ஜட்கா வண்டிக் குதிரை,
பாதி உடம்போடு.
தேஜஸ், கதவில் 'நாளே பா' என்று எழுதினால்
திரும்பிப் போகுமே, அவளைக் கேட்டான்.
சோமசேகர் ஒப்பவில்லை:
இந்த ஊரில் எல்லாரும் அவளைத்தான் கேட்கிறார்கள்,
பாவம், அவளுக்கும் ஓய்வு வேண்டாமா.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
புளியிலும் முருங்கையிலும் இருப்பவை.
பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் மரம் ஏறித்தான் ஆக வேண்டும், சரி.
இங்கே எதில் ஏறுவது,
மெட்ரோ தூணிலா?

அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தார்.
பி. எத்திராஜுலு.
லிங்கராஜபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின்
மின்கட்டண ரசீதில் இருப்பவர்.
மூன்று வருடமாக மாதம் தவறாமல் வருகிறார்.
கண் மருத்துவமனை அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது.
ஒரே ஒருமுறை, கையால் முகவரி எழுதிய உறை.
அனுப்பியவர் பெயர் இல்லை.
பிரிக்கவில்லை, எறியவும் இல்லை,
ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.
வீட்டுக்காரரைக் கேட்டால் 'ஹோக்பிட்ரு' என்பார். போய்விட்டார்.
எங்கே என்று கேட்கும் அளவுக்குக் கன்னடம் வரும் எனக்கு.
கேட்டதில்லை.

பெயர்க் கட்டத்தில் அவரை எழுதினேன்.
எப்படி இறந்தார்: எழுதி, அழித்தேன்.
என்ன தெரியும்: எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று.
எதற்கு அஞ்சுவார்: அழைப்பு மணிக்கு.
என்ன வேண்டும்:

சோமசேகர் டார்ச்சை என் தாளில் அடித்தார்.
"எதுவும் வேண்டாத பேய் செல்லாது."
அப்புறம் எழுதுகிறேன் என்றேன்.
"சரி. ஆனால் விதி தெரியுமில்லையா?
பேயிடம் உதவி கேட்டால் பகடை உருட்ட வேண்டாம்.
ஒரு நினைவைக் கொடுத்துவிட வேண்டும்.
வாய்விட்டுச் சொல்லி."

பதினோரு மணிவாக்கில் கனகாம்பரி
லிஃப்ட் குழியில் மாட்டிக்கொண்டாள்.
மேலிருந்து பெட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆளில்லாமல்.
எத்திராஜுலு சார், என்றேன்.
சார் போட்டதற்குச் சிரித்தார்கள்.
மெயினை அணையுங்கள் சார்.
அணைத்தார்.

"விலை?"
ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயர்.
"யாருடைய ஏழாம் வகுப்பு?"
கனகாம்பரியுடையது, என்றேன் அவசரமாக.
பெயரையும் சொன்னேன். சத்தமாக. நால்வரும் கேட்டோம்.
அந்த நொடியில் மின்சாரம் வந்து
எல்லார் முகத்திலும் தூக்கம் தெரிந்தது.

ஆட்டோவில் வீடு வரும்வரை தேடினேன்.
இரட்டைப் பின்னல். வலது முழங்கையில் மச்சம்.
காம்பஸ் முனையால் பெஞ்சில் தன் பெயரைத் தோண்டுவாள்,
மரத்தூளை ஊதிவிடுவாள்.
ஊதியது நினைவிருக்கிறது.
தோண்டியதைப் படிக்க முடியவில்லை.
ரூபினாவுக்கு போன் செய்து கேட்கலாம்.
செய்யவில்லை.

கதவைத் திறந்து இருட்டில் கை வைத்தேன்.
ஏழு சுவிட்ச் உள்ள பலகை. மூன்று வருடமாக
முதலில் ஃபேன்தான் சுற்றும்.
இன்று விளக்கு எரிந்தது.

காலடியில் இந்த மாத ரசீது.
அறுநூற்று நாற்பது ரூபாய், அவர் பெயரில்.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
தாளை எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன்:
மாதம் ஒருமுறை பெயர் வர வேண்டும்.

செல்லுமா என்று சோமசேகரைத்தான் கேட்க வேண்டும்.
கடைசித் தேதி பதினெட்டு.
கட்டிவிடுவேன்.